செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் சைக்கிள் சங்கத்தின் மாதாந்திர வகுப்புகளுக்கு லங்காவி சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றையே பாடமாக எடுத்துக்கொண்டோம். டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது 1996இல் தொடங்கிய பந்தயம் அது. முதல் பட்டம் ஆஸ்திரேலியாவின் டேமியன் மெக்டொனால்டுக்குப் போனது. 2010இல் நம் நாட்டு அனுவார் மானான் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்றதைப் பற்றிப் பேசியபோது இளைஞர்கள் பலர் அதை முதல் முறையாகக் கேட்டார்கள். இதை இனி ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெயரில் லங்காவி இருந்தாலும், பல ஆண்டுகள் பட்டத்தை முடிவு செய்தது கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள கெந்திங் மலைதான். சமதளக் கட்டத்தில் கூட்டமாக வந்து சேர்பவர்களுக்கு ஒரே நேரம்தான் பதிவாகும். ஏற்றத்தில் கூட்டம் உடைந்து, இடைவெளி நிமிடக்கணக்கில் விரியும். கொலம்பியாவின் ஹொசே செர்பா 2009, 2012 என இருமுறையும், அதே நாட்டு இவான் சோசா 2022இலும் பட்டம் வென்றார்கள். கொலம்பிய மலையேறிகளுக்கு இப்பந்தயம் ஏன் வாய்த்தது என்பது இதில் விளங்கும்.

அதனால் பயிற்சியும் அந்த மலையை நோக்கியே அமைந்தது: பத்துமலை, உலு யாம், பத்தாங் காலி, கோத்தோங் ஜெயா வழி. கோத்தோங் ஜெயாவுக்கு மேலே சரிவு கடுமையாகிறது. மிதியோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 39 பல், பின் பல்சக்கரத்தில் 25 பல் வைத்து வந்தவர்கள் மிதியை அழுத்தி அழுத்தி முட்டிவலியோடு திரும்பினார்கள். முன்னே 34, பின்னே 32 பல்லாவது வேண்டும். தண்ணீர் 750 மில்லி புட்டி இரண்டு. ஒன்றில் உப்பும் சீனியும் கலந்திருக்கட்டும்.

இறக்கம்தான் பெரிய கவலை. சக்கர விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் விளிம்பு பிரேக்கை விடாமல் பிடித்தே இறங்கினால் விளிம்பு சூடேறும். டியூப் காற்று விரியும், ஒட்டுப்போட்ட இடம் இளகி விட்டுக்கொடுக்கும். வளைவுக்கு முன் இரு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையைத் தளர்த்த வேண்டும். விளிம்பு பிரேக் உள்ள கார்பன் சக்கரங்களை மலைப்பயணங்களில் இனி அனுமதிப்பதில்லை என்று செயலவை தீர்மானித்துள்ளது. மதிய மழைக்கு முன் இறங்கிவிட, காலை 6 மணிக்கே புறப்பாடு; அந்நேரம் இருட்டு என்பதால் முன், பின் விளக்கு கட்டாயம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். பழகுவதற்குச் சங்கத்துக்குப் பொதுவாக 34 பல் கொண்ட முன் பல்சக்கரம் இரண்டு வாங்க ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்