ஸ்பேனர் வாய் விரியுதுன்னா காலத்தை ஏன் குத்தம் சொல்லணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல அந்தக் காலத்து டூல்ஸ் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, தாத்தா வாங்கின ஸ்பேனர் இன்னும் உழைக்குது இப்ப வாங்கறது ஆறு மாசம் தாங்க மாட்டேங்குதுன்னு. படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கொண்டலாம்பட்டி பைபாஸ்ல லாரிக்கு அடியில படுத்து வேலை பாக்கற ஆளா என்னால அதை ஒத்துக்க முடியலீங்க. தாத்தா காலத்துலயும் மட்டமான ஸ்பேனர் வித்தாங்க. அதெல்லாம் அப்பவே வாய் விரிஞ்சு, பல்லு போயி, பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போயிடுச்சு, இன்னிக்கு பெட்டில மிச்சம் கெடக்கறது நல்லது மட்டும்தான், அதைக் கையில எடுத்துப் பாத்துட்டு அந்தக் காலத்துல எல்லாமே தரம்னு சொன்னா எப்படி.

நல்ல சாமான் இப்பவும் வருதுங்க. நாசிக்ல டப்பாரியா கம்பெனி 1969ல சுவீடன்காரங்க டெக்னிக்கோட ஆரம்பிச்சது, இன்னிக்கும் நம்மூர் பட்டறைல பாதிப் பெட்டில அந்த பேர்தான் இருக்கும். ஜலந்தர்ல, லூதியானாவுல அடிக்கற ஸ்பேனர் வெளிநாட்டுக்கே கப்பல்ல போவுது. அதனால வெளிநாட்டு டூல்ஸ்தான் உழைக்கும்னு கட்டுரைல வந்த வரியும் சரியில்ல. அமெரிக்காவுல ஸ்நாப்-ஆன் மாதிரி கம்பெனி வேன்லயே பட்டறைக்கு வந்து உடைஞ்சதை மாத்திக் குடுக்கும்னு சொல்வாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அந்த விலைக்கு இங்க ஒரு பையன் மாசச் சம்பளத்தை அப்படியே வைக்கணும்.

மாறினது என்னன்னா, முன்னெல்லாம் மட்டமானது பாத்தாலே மட்டமா தெரியும், சொரசொரன்னு இருக்கும், வார்ப்புக்கோடு அப்படியே நிக்கும், மேல கறுப்பு பெயிண்ட். இப்ப எல்லாத்துக்கும் ஒரே மாதிரி குரோம் பாலிஷ், ஒரே மாதிரி பிளாஸ்டிக் பெட்டி, எல்லாத்து முதுகுலயும் குரோம் வனேடியம்னு எழுத்து. எழுத்து அடிக்க என்னங்க செலவு. உள்ள என்ன இரும்பு, அதை ஃபோர்ஜிங் பண்ணி அடிச்சாங்களா வார்த்தாங்களா, காய்ச்சி எண்ணெயில முக்கி அப்புறம் திரும்ப சூடு காட்டி பதம் வச்சாங்களா, இதுதான் ஸ்பேனரோட ஆயுசு. குரோம் வனேடியம்னு சொல்ற இரும்புல குரோமியமே 1 சதவீதம் பக்கம்தான் இருக்கும், வனேடியம் அதைவிட ரொம்பக் கம்மி, ஆனா அந்தக் கொஞ்சத்தையும் போட்டு சரியா பதம் வச்சாத்தான் வளையாம உடையாம நிக்கும்.

இன்னொண்ணு, பளபளன்னு இருந்தா எவர்சில்வர்னு நம்மாளுங்க நினைச்சுக்கறாங்க, சேலத்துக்காரங்களுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி, கஞ்சமலை அடிவாரத்துல எவர்சில்வர் தகடு போடற உருக்காலை இருக்கறதால இருக்கும். பாத்திரத்துக்குப் போற 304ங்கற எவர்சில்வர் ரகத் தகட்டை என்னதான் காய்ச்சி முக்கினாலும் கடினமாகாது, அதுல ஸ்பேனர் அடிச்சா வாய் சட்டுனு விரியும். ஸ்பேனர்ல தெரியற பளபளப்பு மேல பூசின நிக்கலும் குரோமும்தான். அந்தப் பூச்சு உரிஞ்சா பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும், பட்டறைல இருக்கற எல்லாருக்கும் தெரியும்.

கடினம்னா எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லதுன்னும் இல்லீங்க. இரும்போட கடினத்தை அளக்கற ராக்வெல் கணக்குல ஸ்பேனர் சுமார் 40லேர்ந்து 45, கட்டிங் பிளேயர்ல வெட்டற விளிம்பு 55க்கு மேல, அரம் 60க்கு மேல. ஸ்பேனரை அரம் அளவுக்கு கடினம் பண்ணா நட்டுல மாட்டி நெம்பறப்ப பட்டுனு ஒடிஞ்சு மூஞ்சில அடிக்கும். கொஞ்சம் வளைஞ்சு குடுத்து திரும்ப நிமிரணும், அந்த அளவு பாத்து பதம் வைக்கறவன்தான் நல்ல கம்பெனி.

போன மழைக்காலத்துல ஏற்காடு மலைல ஒரு லாரிக்கு பின் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோற ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்டோட ஜாயிண்ட் போயி கொண்டை ஊசி வளைவுல நின்னுடுச்சு, பின்னாடி பஸ்ஸு காருன்னு வரிசை. நம்ம பையன் புதுசா வாங்கின செட்டை எடுத்துட்டு முன்னாடியே பைக்ல போயிட்டான். 20 வளைவு ஏறிப்போற ரோட்டுல வண்டி நின்னா இறங்கி வேற டூல்ஸ் எடுத்துட்டு வரவா முடியும். ரெண்டு போல்ட்டு கழட்டறதுக்குள்ள 17 எம்.எம். ஸ்பேனரோட வாய் விரிஞ்சு, நட்டு ஆறு பக்கமும் ரவுண்டாகி, வழுக்கின வேகத்துல பையன் கை முட்டி சேஸ்ல மோதி தோல் உரிஞ்சு போச்சு, கடைசில உளி வச்சு நட்டை வெட்டித்தான் எடுத்தோம். வாங்கின கடைல போய்க் கேட்டா பில் எங்கங்கறாங்க, பில்லு அவங்களே குடுக்கல, டூல்ஸுக்கு எல்லாம் கேரண்டி கிடையாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பெட்டி மேல மட்டும் லைஃப்டைம்னு பெருசா போட்டிருக்கு, யாரோட லைஃப்டைம்னு கேக்கணும்.

அதுக்காக எல்லாத் தப்பும் இரும்பு மேலன்னு சொல்ல மாட்டேன், நம்ம ஆளுங்க டூல்ஸை படுத்தற பாடும் கொஞ்சம் இல்ல. ஓப்பன் ஸ்பேனர் மேல சுத்தியால அடிக்கறது, வாலுல பைப்பை சொருகி ரெண்டு பேர் தொங்கறது. லாரி வீல் நட்டுக்கு 500 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்கு வேணும், அதாவது 60 கிலோ ஆளு ஒரு மீட்டர் கம்பியோட நுனில ஏறி நிக்கற அளவு, அதுக்குன்னு இருக்கற வீல் ஸ்பேனர் அதைத் தாங்கும், சாதா ஸ்பேனர் எந்தக் கம்பெனியா இருந்தாலும் தாங்காது. ஸ்க்ரூ டிரைவர் நுனி தேஞ்சா கிரைண்டர்ல நீல நிறம் வர்ற வரைக்கும் தேய்க்கறாங்க, நீலம் வந்துச்சுன்னா பதம் எறங்கிடுச்சுன்னு அர்த்தம், அப்புறம் அது வெறும் கம்பி. யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் வச்சிருக்கற பசங்க இஞ்சின் கவர் ஸ்க்ரூ எல்லாம் தலை போச்சுன்னு வருவாங்க, அது ஜப்பான் அளவு ஸ்டார் ஸ்க்ரூ, சாதா பிலிப்ஸ் டிரைவர் முழுசா உள்ள உக்காராம மேல ஏறி வழுக்கும். அங்க டிரைவரும் நல்லது ஸ்க்ரூவும் நல்லது, ஜோடிதான் சேரல.

உங்க கட்டுரைல போட்டிருந்த ஃபோட்டோவையும் சொல்லணும். ஒரு பையன் காத்தழுத்தத்துல நட்டு கழட்டற ஏர் கன்ல, நட்டு மேல கவுக்கற பளபள சாக்கெட்டை மாட்டி கண்ணாடிகூட போடாம வீல் கழட்டற மாதிரி இருக்கு. ஏர் கன்னுக்கு கறுப்பு கலர்ல கொஞ்சம் தடியா வர்ற இம்பேக்ட் சாக்கெட்தான் போடணும், அது பெரும்பாலும் குரோம் மாலிப்டினம், அடியை வாங்கிக்கற மாதிரி பதம் வச்சது. கைல திருகற குரோம் சாக்கெட்டை அதுல மாட்டினா வெடிச்சு சில்லு பறக்கும், கண்ணு போயிடும். அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போட்டே ஆகணும்ங்க.

கடைக்காரங்க எல்லாரையும் திட்டறது என் நோக்கம் இல்ல. செவ்வாப்பேட்டைல இது லாரி வேலைக்கு ஆவாது தம்பின்னு முகத்துக்கு நேரா சொல்லி விக்காம அனுப்பற கடையும் இருக்கு. சங்ககிரி லாரி, நாமக்கல் பாடி பில்டிங், திருச்செங்கோடு போர்வெல் ரிக்கு வண்டின்னு இந்தப் பக்கம் பூராவும் ஸ்பேனரை நம்பித்தான் ஓடுது, ஐ.டி.ஐ. முடிச்சிட்டு பட்டறைக்கு வர்ற பையன் மொத சம்பளத்துல வாங்கறதே இந்த செட்டுதான், அவன் ஏமாறக் கூடாது. பில்லுல கம்பெனி பேரும் சைஸும் எழுதி வாங்கணும். இந்திய தர எண் பாத்து வாங்கணும், ஓப்பன் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029. நம்பரையும் எவனாவது பொய்யா அடிப்பான்தான், ஆனா வெறும் குரோம் வனேடியம்னு அடிக்கறதைவிட அது பெரிய தப்பு, பில்லு கையில இருந்தா நுகர்வோர் கோர்ட்டுல நின்னு கேக்கலாம். அடுத்த வாரம் திருத்தம் போடறப்ப இந்த ரெண்டு நம்பரையும் கட்டம் கட்டி பெரிய எழுத்துல போட்டு விடுங்க, பசங்க போன்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு கடைக்குப் போவாங்க.

இப்படிக்கு,
ஒரு லாரி பட்டறைக்காரர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.