முதியோர் பாடத்தை எடுக்கலாமா?

அன்புள்ள கண்ணம்மா,

விருப்பப் பாடம் எதை எடுப்பது என்று கேட்டுவிட்டு, முதியோர் பராமரிப்பை நீயே தள்ளியும் விட்டாய். "அங்கே யாரும்மா குணமாகி வீட்டுக்குப் போறாங்க?" என்கிறாய்.

போகிறார்கள். 1935-இல் இங்கிலாந்தில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரின் பொறுப்பில், இனித் தேறமாட்டார்கள் என்று படுக்கையிலேயே விடப்பட்ட நூற்றுக்கணக்கான நோயாளிகள் வந்தார்கள். ஒவ்வொருவரையும் புதிதாகப் பரிசோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள்.

எங்கள் வார்டில் அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுப்பார்கள். சிலருக்கு அதில் கால் வீங்கும். அதைப் புது நோய் என்று நினைத்து, நீர் பிரிய இன்னொரு மாத்திரை சேர்ப்பார்கள். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போகவேண்டி வரும். ஒரு தடவை இருட்டில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியும். "வயசாயிடுச்சு, என்ன பண்றது" என்பார்கள் வீட்டில். ஒவ்வொரு மாத்திரையாகப் பின்னோக்கிப் போனால்தான் ஆரம்பம் எது என்று பிடிபடும். அதேபோல, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று உளறினால் மறதி நோய் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தேடினால் ஏதாவது ஒரு தொற்று இருக்கும், உடம்பில் நீர் வற்றியிருக்கும். (காது மெஷினில் பேட்டரி தீர்ந்துபோனவரையும் குழப்பத்தில் இருக்கிறார் என்று எழுதிவைத்ததுண்டு.) துப்புத் துலக்கும் வேலை உனக்குப் பிடிக்குமே!

வேலைக்குப் பஞ்சமிருக்காது. 2030-க்குள் உலகில் ஆறில் ஒருவர் 60 வயதைத் தொட்டிருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிசியோதெரபி, உளவியல், சமூகப்பணி, கட்டடக்கலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வேண்டும்.

கஷ்டமும் உண்டு. சம்பளம் பல இடங்களில் குறைவு, முதுகு வலிக்கும், பழகியவர்கள் இறந்துபோவார்கள். பரிதாபப்பட்டு மட்டும் வராதே. குழந்தையிடம் பேசுவதுபோலத் தங்களிடம் பேசுகிறவர்களை முதியவர்களுக்குப் பிடிக்காது.

முடிவெடுக்குமுன் ஒரு முதியோர் பிரிவில் கொஞ்ச நாள் நின்று பார். நடை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று பார்க்க, ஒரு முதியவரை நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் குறிப்பார்கள். நீ கடிகாரத்தை விட்டுவிடு. எழும்போது கை எதைப் பிடிக்கத் தேடுகிறது, திரும்பும்போது எத்தனை எட்டு வைக்கிறார் என்று கவனி. பார்த்ததை எனக்குப் போனில் சொல்.

சரி, பாடத்தைப் பதிவுசெய்யக் கடைசி நாள் என்றைக்கு?

அன்புடன்,
அம்மா