ஒழிந்த தம்புரானுக்கு ஒரு கடிதம்

கொச்சி மகாராஜா ராஜர்ஷி ராமவர்மா அவர்களுக்கு,

எறணாகுளம் மார்க்கெட்டில் நான்கு தலைமுறையாக மிளகாயும் மல்லியும் விற்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன் எழுதுகிறேன். நமஸ்காரம்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கொண்டுவந்த ரயிலுக்காக எறணாகுளத்தில் எழுந்த ஸ்டேஷனைப் பார்க்கக் கிளம்பினேன். ஆட்டோக்காரரிடம் பழைய ரயில்வே ஸ்டேஷன் என்றேன். சவுத்தா, நார்த்தா என்று கேட்டார். இரண்டும் இல்லை, ஹைகோர்ட்டுக்குப் பின்னால் என்றேன். "அங்கே எந்த வண்டி வரும்?" என்று சிரித்தார். எழுபது வயதுக்காரர், இந்த ஊரிலேயே பிறந்தவர்.

வண்டி வராதுதான். ஓடு சரிந்து, சுவர்ப்பிளவில் ஆலங்கன்று வேர்விட்டு நிற்கிறது. தண்டவாளத்தைக் காலால் தேடித்தான் கண்டுபிடித்தேன். ஓரிடத்தில் விரற்கடை அகலத்துக்கு இரும்பு வெளியே தெரிந்தது, மீதியெல்லாம் சேற்றுக்குள். பக்கத்து மங்களவனத்திலிருந்து வந்த கொக்குகள் பிளாட்பாரம் முழுவதும் எச்சமிட்டிருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

இதற்காகவா திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோவில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றீர்கள்? 15இல் 14 போயிற்று என்பார்கள். கஜானாவில் போதிய பணம் இல்லை, ரயில் வேண்டும், தெய்வத்தின் நகையில் கை வைத்தீர்கள். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் அம்மனுக்குச் சாத்திய ஒரு பொட்டுத்தாலியை அவசரத்துக்கு அடகு வைக்கவே மூன்று மாதம் சண்டை நடந்தது.

1902இல் ஷொர்ணூரிலிருந்து எறணாகுளம் வரை சுமார் 100 கிலோமீட்டருக்கு மீட்டர்கேஜ் பாதை போட்டு முடித்தீர்கள். ஜூனில் சரக்கு வண்டி, ஜூலையில் பயணிகள் வண்டி. மதராஸிலிருந்து ஷொர்ணூர் வரை அகலப்பாதை. அதனால் ஷொர்ணூரில் எல்லாவற்றையும் இறக்கிச் சின்ன வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். என் கொள்ளுத்தாத்தா பொள்ளாச்சியிலிருந்து மூட்டைகளோடு வரும்போது, மாற்றி ஏற்றுகிற இடத்தில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நிற்பாராம். ஒரு மூட்டை குறைந்தாலும் அந்த வாரத்து லாபம் போயிற்று. எறணாகுளத்தில் இறங்கியதும் கைவண்டியில் மார்க்கெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். எங்கள் கடை இந்த ஊரில் முளைத்தது தங்கள் பாதையால்தான்.

1925 மார்ச்சில் வைக்கம் போகும் வழியில் காந்தி வந்து இறங்கியதும் இங்கேதான். பெரியார் சிறை சென்ற போராட்டம் என்பதால் வைக்கம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அந்த வைக்கத்துக்குப் போகும் வழியில் இருந்த இந்த ஸ்டேஷனை யாருக்கும் தெரியாது.

பிறகு நடந்ததில் தங்கள் பிழை எதுவும் இல்லை. 1914இல் தாங்களாகவே பட்டத்தைத் துறந்தீர்கள், 1932இல் கண்மூடினீர்கள். 1934இல் பாதை அகலப்பாதையானது. பிரிஸ்டோ துரை காயலைத் தோண்டிய மண்ணில் வில்லிங்டன் தீவை விரித்துத் துறைமுகம் கட்டியதும் பாதை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1950களில் கோட்டயம், கொல்லம் வழியும் சவுத்திலிருந்தே நீண்டது. தங்கள் ஸ்டேஷன் நார்த்துக்கு அருகே பிரிந்து முட்டி நிற்கும் கிளையாகச் சுருங்கியது. 1960களின் தொடக்கத்தில் பயணிகள் போக்குவரத்தும் நின்றது. சரக்கு வண்டி மட்டும் இன்னும் சில பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது.

தங்களை இங்கே 'வாழ்ச்ச ஒழிஞ்ஞ தம்புரான்' என்பார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டுத் திகைத்துப் போனேன். 'ஒழிந்தது சனியன்' என்று பாட்டி சொல்வது மட்டுமே எனக்குத் தெரிந்த ஒழிதல். மலையாளத்தில் அது ஆட்சியை விட்டு இறங்கினார் என்ற மரியாதையான சொல் என்று வாத்தியார் விளக்கினார். பழைய தமிழிலும் வீட்டை ஒழித்துக் கொடுத்தான் என்றால் காலி செய்தான் என்றுதானே பொருள். ஆனால் தங்கள் ஸ்டேஷனைப் பார்த்தபோது பாட்டி சொன்ன அர்த்தம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

பூர்ணத்ரயீசர் கோவில் திருவிழாவான விருச்சிகோற்சவத்துக்கு ஒவ்வொரு வருஷமும் திருப்பூணித்துறைக்குப் போகிறேன். 15 யானைகள் வரிசையாக நிற்கும். செண்டை மேளம் ஒரு பக்கம் முழங்க, தாங்கள் விற்காமல் விட்ட அந்த ஒன்று எந்த யானையின் நெற்றியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே ஒன்றுபோல மின்னுகின்றன.

தங்கள் பணிவுள்ள,
மார்க்கெட் மிளகாய்க்கடைக்காரன்