ஈ ஓட்டுற வேலை இல்லைங்க இது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன முகூர்த்தத்துல காரைக்குடில ஒரு கல்யாணம், பந்தில உக்காந்திருக்கோம், எதிர்ல இருந்த சொந்தக்காரவுக என் மகளைப் பாத்து "பெங்களூர் போயி ஈ ஓட்டுறியாமே ஆத்தா"ன்னு கேட்டாக, சுத்தி எல்லாரும் சிரிச்சாக, அவ பாயசத்தைத் தொடாமலே எந்திரிச்சுட்டா. எனக்கு இன்னும் மனசு ஆறல.

அவ பாக்குறது பழ ஈயோட மூளை. கனிஞ்ச வாழைப்பழத்தை மொய்க்குமே செவப்புக் கண்ணோட, அந்த ஈதான். அதோட புழுவுல இருந்து கசகசாவை விடச் சின்ன மூளையை ரெண்டு இடுக்கியால பிரிச்சு எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாக்கணும், கை லேசா நடுங்குனாலும் போச்சு.

அந்த மூளைல நியூரோபிளாஸ்ட்னு ஸ்டெம் செல், அதாவது மத்த செல்களை உண்டாக்குற தாய் செல் இருக்கு. அது ரெண்டா பிரியுறப்ப, நாம தயிர்ல உறைக்கு எடுத்து வைக்கிறோம்ல, அந்த மாதிரி ஒண்ணு ஸ்டெம் செல்லாவே தங்கிடும், சின்னதா இருக்குற இன்னொண்ணு நரம்பு செல்லாகுற வழியில போயிடும். இதை நடத்துறது ஜீன்களும் அதுக உண்டாக்குற புரோட்டீன்களுந்தான். நம்ப், பிராஸ்பெரோ, பிராட்னு மூணு புரோட்டீன், செல் பிரியுறதுக்கு முன்னாடியே ஒரு ஓரமா போயி சேந்துக்கும், அந்த ஓரந்தான் சின்ன செல்லுக்குப் போகுது. பிராட் ஜீன் கெட்டுப்போச்சுன்னா போக வேண்டியது போகாம திரும்ப ஸ்டெம் செல்லாயிடுது, பிரிஞ்சுக்கிட்டே இருக்கு, மூளைல கட்டி. மூளையோட ஒரு பக்கத்துல சுமார் 100 ஸ்டெம் செல் இருந்தாலும் அந்தக் கட்டி கெளம்புறது வெறும் 8 ஸ்டெம் செல் வழியிலதானாம். போன்ல ரெண்டு போட்டோ காமிச்சா, ஸ்டெம் செல்தான் பச்சைப் புள்ளியாத் தெரியுது, நல்ல மூளைல எண்ணுற அளவுக்கு, பிராட் கெட்டதுல மூளை வீங்கி முழுசும் பச்சை. பாத்துட்டு எனக்குப் பேச்சே வரல.

மனுசனுக்கு நோய் தர்ற ஜீன்கள்ல ஏறக்குறைய முக்கால்வாசிக்கு ஈக்கிட்டயும் அதே மாதிரி ஜீன் இருக்குங்க. இந்த ஈயை வெச்சு வேலை பாத்த அமெரிக்க விஞ்ஞானி மார்கனுக்கு 1933லயே நோபல் குடுத்தாக, நம்ம நாட்டு விஞ்ஞானி ஒபைத் சித்திக்கி 1970கள்லயே மும்பைல இந்த ஈயோட நரம்பு ஆராய்ச்சியை ஆரம்பிச்சாரு.

உங்க பேப்பர்ல வாரம் ஒரு பக்கம் ராசிபலனுக்கு இருக்கு, அதுல பாதியாச்சும் இதுக்குக் குடுங்க, எங்க ஊர் பிள்ளைக பாக்குற வேலை என்னன்னு சொந்தக்காரவுக படிக்கட்டும்.

ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர்,
தேவகோட்டை