முதியோர் வார்டுக்கு ஒரு மண்தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் மருத்துவச் சேவையை விரிவுபடுத்துவது குறித்த தங்கள் தலையங்கம் கட்டில்களையும் கருவிகளையும் பற்றி விரிவாகப் பேசியது. ஆனால், நோயாளி நாள் முழுவதும் எதைப் பார்த்து, எதைச் செய்து பொழுதைக் கழிக்கிறார் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. சன்னல் வழியே மரங்களைக் கண்ட அறுவை சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்று அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-ஆம் ஆண்டிலேயே எழுதினார். இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த என் தாயார், எழுந்து நிற்கும் பயிற்சியை, யார் கெஞ்சினாலும் மறுத்துவந்தார். சன்னலோரத் தொட்டியில் நாங்கள் விதைத்த வெந்தயம் மூன்றாம் நாள் முளைவிட்டதும், அதற்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகவே வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாமாக எழுந்து நின்றார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் முதியோர் பிரிவுகளிலும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் கீரைப் பாத்திகளை அமைத்து, இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கலாம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் ஆறாத புண் உள்ளவர்களும் மண்ணைத் தொடலாமா என்பதை மட்டும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

- ஒரு வாசகர், தாம்பரம்