வீடு சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

வண்டியை விற்றுவிட்டாய் என்று தம்பி சொன்னான். வேலைக்கு நடந்தே போகிறாயாமே, போக நாலரை கிலோமீட்டர், வர நாலரை. உடம்புக்கு நல்லதுதான். ஏன் விற்றாய் என்று நான் கேட்கவில்லை. உன் வண்டி, உன் இஷ்டம். பணம் வைக்கிற பச்சைப் பை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நடப்பதென்றால் கணக்கோடு நட. கிலோமீட்டருக்கு 12 நிமிடம் வைத்தால் நாலரைக்கு 54. வழியில் எட்டு சிக்னல் இருந்து ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் பிடித்தாலே ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். 70 நிமிடம் ஒதுக்கிக் கிளம்பு. நேரத்தைக் குறைத்துப் போட்டவர்கள்தான் கடைசி சிக்னலில் சிவப்பில் ஓடுகிறார்கள். போன் காட்டுகிற குறுக்கு வழியை அப்படியே நம்பாதே. பெரிய ரோட்டுக்கு இணையாக உள்தெரு இருந்தால் அதில் போ. 300 மீட்டர் கூடினாலும் நாலு நிமிடம்கூட ஆகாது, கடக்க வேண்டிய ரோடுகள் குறையும்.

ஷூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நாளைக்கு 9 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 225. உள்ளே இருக்கிற மெத்தை 500லிருந்து 800 கிலோமீட்டருக்குள் செத்துப்போகும். ஆக, மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி. மேஜைமேல் வைத்துப் பின்பக்கமாகப் பார், குதிகால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. சாயங்காலம் போய் வாங்கு, கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் சரியான அளவு. விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலி இருக்கட்டும். எங்காவது சுருக்கென்று எரிந்தால் அப்போதே பிளாஸ்திரி ஒட்டு, கொப்புளம் வந்தபின் தோலை உரிக்காதே. பையை இரண்டு தோளிலும் மாட்டு.

இதெல்லாம் யாரும் சொல்வார்கள். டிரைவர் சீட்டிலிருந்து தெரிவதை நான்தான் சொல்ல முடியும், அதைக் கவனமாகப் படி.

பஸ், லாரிக்கு முகப்பை ஒட்டினாற்போல் குறுக்கே போகாதே. டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பான், பம்பருக்கு முன்னால் நிற்கிற உன் உயரத்து ஆள் அவன் கண்ணில் படவே மாட்டாள். பக்கவாட்டில் நின்றால் கண்ணாடியைப் பார். அதில் அவன் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் உன்னையும் அவனுக்குத் தெரியாது. நீள வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், சில நேரம் நடைபாதை முனையிலேயே ஏறும். முனையில் நிற்காதே, இரண்டு அடி பின்னால் நில்.

காரில் வேறு தொல்லை. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தூண் இருக்கிறதே, கார் திரும்பும்போது நீயும் அதே வேகத்தில் நடந்தால் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே மறைந்துகொண்டு வருவாய். உனக்குப் பச்சை விழுந்திருந்தாலும் திரும்புகிற வண்டியைப் பார், கையைத் தூக்கு. ஒரு வண்டி உனக்காக நின்றுவிட்டது என்று முழு ரோட்டையும் கடந்துவிடாதே. பக்கத்து லைனில் வருகிறவனுக்கு நின்ற வண்டிதான் தெரியும், நீ தெரியமாட்டாய். அந்த வண்டியின் ஓரத்தில் ஒரு கணம் நின்று எட்டிப் பார்த்த பிறகு அடுத்த அடி வை.

50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 14 மீட்டர். ஆளைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகவே ஒரு நொடி. பிரேக் பிடித்தபின் இன்னொரு 14. காய்ந்த ரோட்டில் இவ்வளவு, மழையில் இன்னும் போகும். பச்சை மினுங்க ஆரம்பித்துவிட்டால் இறங்காதே, அது நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கரைசேர்வதற்கு.

நீ வருவது இருட்டிய பிறகு. குதிகாலுக்கு மேலே வெளிச்சத்தைப் பிரதிபலிக்கிற பட்டை கட்டு. ஆடுகிற காலில் இருந்தால்தான் அது ஆள் என்று டிரைவருக்குச் சட்டென்று புரியும். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வருகிற பக்கமாக நட. பேட்டரி வண்டி மெதுவாக வந்தால் சத்தமே கேட்காது, காதில் எதையும் மாட்டாதே. மழையில் வெள்ளைக் கோடும் சாக்கடை மூடியும் வழுக்கும். திரும்பவும் சொல்கிறேன், கண்ணாடியில் டிரைவர் முகம்.

ரோட்டில் போனை எடுக்காதே என்றும் நான்தான் சொன்னேன். இப்போது இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் "நடக்கிறேன்பா" என்று மெசேஜ் வருகிறது. சரி, சொன்னதைக் கேட்கிறாய் என்று அம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். 17 நாளாயிற்று. அந்த 70 நிமிடம் போக மீதி நேரமும் நடக்கிறாயா?

கோபமாக எழுதவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். இத்தனையும் எழுதினேனே, நான் ஓட்டிய 31 வருடத்தில் ஆட்கள் கடக்கிற வெறும் வரிக்கோட்டுக்கு ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தியதில்லை. சிவப்பு விழுந்தால் நின்றேன், போலீஸ் நின்றால் நின்றேன். மற்றபடி ஹாரன்தான். அடித்தால் ஒதுங்குவார்கள். பிள்ளையைக் கையில் பிடித்தவளும் ஒதுங்கினாள், கைத்தடி ஊன்றியவரும் ஒதுங்கினார். அதைத் தொழில் தெரிந்தவன் லட்சணம் என்று உன்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். விபத்தே இல்லாமல் ஓட்டியதற்குக் கொடுத்த பத்திரம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. நீ நடக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அதன் பக்கம் பார்க்க முடியவில்லை. அத்தனை பேர் ஒதுங்கிக் கொடுத்ததற்கு என் பேரை எழுதி மாட்டியிருக்கிறார்கள். உனக்கு ஹாரன் அடிக்கிறவன் எவனாயிருந்தாலும் எனக்கு அவனைத் தெரியும்.

நீ ஒதுங்கிவிடு பாப்பா. நியாயம் உன் பக்கம் இருந்தாலும் ஒதுங்கிவிடு.

எட்டு மணிக்கு இனி நான் கூப்பிடமாட்டேன். கதவைச் சாத்தி ஷூவைக் கழற்றிய பிறகு ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம், மணி அடித்தால் போதும். பத்தரை வரை முழித்திருப்பேன். கால் அளவை மட்டும் மெசேஜில் போடு.

அப்பா