‘குணமடைந்தோர்’ கணக்கில்கூட ஏறாத எங்கள் நடவு ஆட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்தில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் நான். கொரோனா பழங்கதையாகிவிட்டது என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2023 மே மாதம் அவசர நிலையை விலக்கிக்கொண்டது. சரி, நல்லதுதான். ஆனால் என்னோடு வயலில் இறங்குகிற பெண்கள் சிலருக்கு அது விட்டுப்போன அசதி இன்னும் முடிந்தபாடில்லை.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது. எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். பலர் பரிசோதனைக்கே போகவில்லை. பாசிட்டிவ் என்று வந்தால் தெருவை அடைத்துவிடுவார்கள் என்று பயம். கசாயமும் பாராசிட்டமாலும்தான் வைத்தியம். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். கோரையாற்றில் தண்ணீர் வந்ததும் குறுவை நடவு. ஊரடங்கில் கையில் காசில்லாமல் கிடந்தவர்கள், உடம்பு தேறட்டும் என்று எப்படிக் காத்திருப்பார்கள்?

எனக்கு நாத்தனார் முறை ஆகும் ஒருத்தி, நாற்பதைத் தொடாதவள். அந்தக் காய்ச்சலுக்கு முன்பெல்லாம் அவள் வேகத்துக்கு மற்றவர்கள் ஈடுகொடுக்க முடியாது. இப்போது காலையில் நன்றாகத்தான் வருகிறாள். ஒரு நாள் முழுக்க நட்டால் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. தூங்கினாலும் அசதி தீரவில்லை. உலையை ஏற்றிவிட்டு மறந்துபோகிறாள். “சோம்பேறித்தனம்” என்கிறார் மாமியார். ஒரு மருத்துவமனையில் ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரை கொடுத்து, “சும்மா உட்காராம நல்லா வேலை செய்யுங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவளுக்கு இந்த யோசனை!

நடவு குத்தகை வேலை. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, வந்தவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வோம். வரிசையாக நின்று பின்னாலேயே நகர்ந்து நடும்போது ஒருத்தி தங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவள் அவள் பங்கையும் சேர்த்து நடவேண்டும். ஒரு நாள் செய்வார்கள், நாலு நாள் செய்வார்கள். அப்புறம் “அவளுக்கு எதுக்கு முழுக்கூலி?” என்று பேச்சு வரும். பஞ்சாயத்து என் தலையில்தான் விழுகிறது. அவளை விட்டுவிட்டுப் போவதா, கூட்டிப்போய்ச் சண்டை வாங்குவதா?

தொற்று வந்து மூன்று மாதம் ஆன பிறகும் இருந்து, இரண்டு மாதமாவது நீடித்து, வேறு நோயால் வந்தது என்று சொல்ல முடியாத அசதி, மூச்சுவாங்கல், மறதி ஆகியவற்றை ஒரு தனி நோய்நிலையாகவே (‘லாங் கோவிட்’ என்பார்கள்) உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. இதைக் காட்டிக்கொடுக்க ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. சர்க்கரை, தைராய்டு, காசநோய், ரத்தசோகை எதுவும் காரணமில்லை என்று முதலில் பார்க்கவேண்டும். எங்கள் பெண்களிடம் அன்றைக்கு எடுத்த பாசிட்டிவ் சீட்டும் இல்லை. ‘குணமடைந்தோர்’ கணக்கில்கூட அவர்கள் பெயர் ஏறவில்லை என்பதே உண்மை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, பிசியோதெரபி செய்கிறவரும் வருகிறார். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. மாத்திரை கொண்டுவரும் சகோதரி வரும்போது “காய்ச்சலுக்கு அப்புறம் அசதி இருக்கா, வேலை செய்த மறுநாள் படுத்துடுறீங்களா?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பழைய சீட்டு இருக்கா என்று கேட்கவேண்டாம். நூறு நாள் வேலையில் இப்படிப்பட்டவர்களுக்கு மண்வெட்டி கொடுக்காமல் தண்ணீர் கொடுக்கிற வேலையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையும் கொடுக்கலாம். சிக்குன்குனியா வந்து மூட்டுவலி போகாமல் இருப்பவர்களையும் இதில் சேர்த்துக்கொண்டால் எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு உதவும்.

குறுவைக்கு நாற்று விடுவதற்கு முன்பே அதிகாரிகள் இதைக் கவனித்தால், இந்த வருஷம் யாரை வயலுக்குக் கூப்பிடுவது என்று நானும் முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
நடவுத் தொழிலாளி ஒருத்தி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.